காதுக்குள்ள பொட்டாசியம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தா போதும், ஆர்கன் ஆஃப் கார்ட்டி தானா புரியும்

உள்காதுல சத்தத்த உணர்ற செல் அடுக்கான ஆர்கன் ஆஃப் கார்ட்டிய மைக்ராஸ்கோப் ஸ்லைடுல பாத்தா ஏன் இத்தனை வகை செல்லு, கேக்குறதுக்கு உள்பக்க ஹேர் செல் (சத்த அசைவ மின்சிக்னலா மாத்துற செல்) ஒரு வரிசை போதும்னா வெளிப்பக்கம் மூணு வரிசை எதுக்கு, எது போனா என்ன ஆகும், இதெல்லாம் மனப்பாடம் பண்ணாம புரிஞ்சுக்க வழி இருக்கான்னு கேட்டிருக்கீங்க. இருக்குங்க. பொட்டாசியம் பின்னாடியே போங்க. ஹென்சன், டைட்டர்ஸ், க்ளாடியஸ், போட்சர்னு 19ஆம் நூற்றாண்டுல மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்தவங்க பேரெல்லாம் செல்லுக்கு ஒண்ணா ஒட்டிக்கிச்சு. கார்ட்டி தன்னோட பேப்பர போட்டது 1851ல, ரைஸ்னர் மெம்பிரேனும் (உள்காதுல ஒரு மெல்லிய தடுப்புச் சவ்வு) அதே வருஷம்தான். அந்தப் பேர் வரிசைய மட்டும் உருப்போட்டா தலைதான் சுத்தும். இந்த டிஷ்யூல ஏறக்குறைய எல்லா செல்லும் ஒரே வேலைய சுத்தித்தான் நிக்குது: பொட்டாசியத்த ஒரு அறைல குவிச்சு வைக்கணும், சத்தம் வரும்போது அத ஹேர் செல் வழியா விடணும், அந்தப் பக்கம் வெளிய வந்தத அள்ளிட்டுப் போயி மறுபடி பழைய அறைலயே சேக்கணும்.

முதல்ல ஸ்லைட பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா பாதி குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. கோக்லியாங்குறது, அதாவது உள்காதோட நத்தைக்கூடு மாதிரி பகுதி, சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரே குழாய், மோடியோலஸ்ங்குற நடு எலும்ப ரெண்டரை சுத்து சுத்தியிருக்கு, நடுவுல நெடுக்க வெட்டினா அதே குழாய் இடதும் வலதுமா அஞ்சாறு எடத்துல வெட்டுப்பட்டு அஞ்சாறு வட்டமா தெரியும், அது அஞ்சாறு தனித்தனி உறுப்பு இல்ல. அடுத்தது, இது உக்காந்திருக்குற பெட்ரஸ் எலும்பு உடம்புலயே ரொம்ப கெட்டியான எலும்பு, அதனாலதான் பழைய எலும்புக்கூட்டுல டிஎன்ஏ தேடுறவங்களும் முதல்ல இங்கதான் துளை போடுறாங்க. அத மெலிசா சீவணும்னா ஈடிடிஏல வாரக்கணக்குல, மனுஷ எலும்புன்னா மாசக்கணக்குல ஊறவச்சு கால்சியத்த எடுக்கணும். அதுக்கும் முன்னாடி உயிர் போன கொஞ்ச நேரத்துலயே ஹேர் செல் சிதைய ஆரம்பிச்சுடும். ஆக உங்க காலேஜ் ஸ்லைடுல ஹேர் செல்லுக்கு மேல போர்த்தியிருக்குற டெக்டோரியல் மெம்பிரேன் சுருங்கி மேல தூக்கிட்டு நிக்குதா, ரைஸ்னர் மெம்பிரேன் கிழிஞ்சிருக்கா, அது நோய் இல்ல, தயார் பண்ணும்போது தண்ணிய உறிஞ்சி எடுத்ததோட விளைவு. உயிரோட இருக்குறப்ப அந்த டெக்டோரியல் மெம்பிரேன் பெரும்பாலும் தண்ணியும் கொலாஜனும் சேந்த ஒரு ஜெல், ஹேர் செல் மேல ஒட்டித்தான் கிடக்கும்.

எடம் கண்டுபிடிக்க ஒரு குறி சொல்றேன். குறைஞ்ச பவர்ல முக்கோண வடிவ வெற்றிடம் ஒண்ணு தேடுங்க, அதான் கார்ட்டி சுரங்கம், ரெண்டு பக்கமும் தூண் மாதிரி பில்லர் செல் சாஞ்சு நின்னு தலையோட தலை முட்டிக்கிட்டு இருக்கும். அந்த முக்கோணத்துக்கு மோடியோலஸ் பக்கம் இருக்குற ஒத்தை ஹேர் செல்தான் இன்னர், எதிர்ப்பக்கம் மூணா நிக்குறது அவுட்டர். இத ஒருதடவ புடிச்சுட்டா மத்ததெல்லாம் வரிசையா வரும்.

இப்ப பொட்டாசியத்துக்கு வருவோம். அந்த ஒவ்வொரு வட்டத்துக்குள்ளயும் மூணு அறை இருக்கு. மேல இருக்குற ஸ்கேலா வெஸ்டிபுலை, கீழ இருக்குற ஸ்கேலா டிம்பனை ரெண்டுலயும் பெரிலிம்ஃப், சாதாரணமா செல்லுக்கு வெளிய இருக்குற ஃப்ளூயிட் மாதிரிதான், சோடியம் ஜாஸ்தி பொட்டாசியம் கம்மி. நடு அறையான ஸ்கேலா மீடியால இருக்குற எண்டோலிம்ஃப் அப்படியே தலைகீழ்: பொட்டாசியம் சுமார் 150 மில்லிமோலார், சோடியம் 1 மில்லிமோலார் கிட்ட. செல்லுக்கு வெளிய இருக்குற ஒரு ஃப்ளூயிட் செல்லுக்கு உள்ள இருக்குற ஃப்ளூயிட் மாதிரி இருக்குறது உடம்புல ரொம்ப அபூர்வம். அதோட நிக்கல, இந்த நடு அறைல பெரிலிம்ஃப விட சுமார் 80 மில்லிவோல்ட் பாசிட்டிவ் வோல்டேஜ் எந்நேரமும் நிக்குது, நீங்க தூங்கும்போதும்தான். ஹேர் செல்லுக்கு உள்ள மைனஸ் 45ல இருந்து மைனஸ் 70 வரைக்கும்னு வச்சுக்கோங்க. அப்ப ஹேர் செல்லோட தலைப்பக்க மெம்பிரேன்ல மட்டும் 120, 150 மில்லிவோல்ட் வித்தியாசம், சாதாரண நியூரான்ல இருக்குறது போல ரெண்டு மடங்கு. சின்னதா ஒரு சேனல் திறந்தாலும் பொட்டாசியம் பாஞ்சு உள்ள வரும்.

அந்த வோல்டேஜ உண்டாக்குறது ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ், ஸ்லைடுல வெளிச்சுவர்ல அடர்த்தியா கலர் பிடிச்ச ஒரு பட்டையா தெரியும், பரீட்சைக்கு பேர மட்டும் எழுதிட்டு எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. என்னக் கேட்டா உள்காதுல ரொம்ப சுவாரசியமான டிஷ்யூ இதுதான். எபிதீலியத்துக்குள்ள (பரப்ப மூடுற செல் அடுக்குக்குள்ள) ரத்தக்குழாய் வராதுன்னுதானே படிச்சிருப்பீங்க, இங்க கேப்பிலரி எபிதீலியத்துக்கு உள்ளயே ஓடுது. மூணு அடுக்கு: எண்டோலிம்ஃப பாத்த மாதிரி மார்ஜினல் செல், நடுவுல இன்டர்மீடியட் செல், வெளிப்பக்கம் பேசல் செல். மார்ஜினல் செல் சோடியம்-பொட்டாசியம் பம்ப், என்கேசிசி1ங்குற கடத்திப் புரோட்டீன் ரெண்டையும் வச்சு பொட்டாசியத்த உள்ள இழுத்து கேசிஎன்க்யூ1ங்குற சேனல் வழியா எண்டோலிம்ஃபுக்குள்ள தள்ளுது. அதே கேசிஎன்க்யூ1 இதயத் தசையிலயும் இருக்கு. ரெண்டு காப்பி ஜீனும் கெட்டுப் போன குழந்தைக்கு பிறவியிலேயே காது கேக்காது, ஈசிஜில க்யூடிங்குற இடைவெளி (இதயத்தோட கீழறைங்க துடிச்சு மறுபடி தயாராகுற நேரம்) நீண்டிருக்கும், ஓடி விளையாடும்போதோ பயந்துபோனாலோ மயங்கி விழும், சில நேரம் உயிரே போயிடும். ஜெர்வெல்னும் லாங்கே நீல்சன்னும் நார்வேல 1957ல சொன்னது இதத்தான். பிறவிக் காதுகேளாமையோட வர்ற குழந்தைக்கு ஒரு ஈசிஜி எடுங்கன்னு சீனியர்ஸ் சொல்றதுக்கு இதான் காரணம்.

இன்டர்மீடியட் செல் யாருன்னு பாத்தா அது மெலனோசைட்டுங்க, தோலுக்கு நிறம் தர்ற அதே பரம்பரை. அதுல இருக்குற ஒரு பொட்டாசியம் சேனல்தான், கேஐஆர்4.1, அந்த 80 மில்லிவோல்ட்டுக்கு மூல காரணம். மெலனோசைட் கருவுல சரியா வந்து சேரலன்னா ஸ்ட்ரையா வேலை செய்யாது, வோல்டேஜ் இல்ல, காது கேக்காது. வார்டன்பர்க் சிண்ட்ரோம்ல நெத்தி முடி ஒரு கொத்து வெள்ளையா, கண்ணு வெளிர் நீலமா, கூடவே காது கேளாமைன்னு வர்றதும், நீலக் கண்ணு வெள்ளைப் பூனைங்க நிறைய செவிடா இருக்குறதும் இதனாலதான்.

சரி, பொட்டாசியம் குவிஞ்சாச்சு. அது உள்ள போற கதவு ஹேர் செல் தலைல இருக்குற ஸ்டீரியோசிலியா. உள்ள ஆக்டின் இழை கட்டுக்கட்டா நெருக்கமா அடுக்கி விறைப்பா நிக்குற குச்சிங்க, அடில ஒல்லியாகும், அதனால வளையாம அடிப்பக்கம் மட்டும் சாயும். குட்டை, நடுத்தரம், நெட்டைன்னு படிக்கட்டு வரிசை. குட்டையானதோட நுனில இருந்து பக்கத்து நெட்டையோட விலாவுக்கு ஒரு மெல்லிய இழை, டிப் லிங்க், 1984ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பிக்கிள்ஸும் கூட இருந்தவங்களும் காட்டினாங்க. மேல்பாதி கேடரின்-23, கீழ்பாதி புரோட்டோகேடரின்-15. கட்டு நெட்டைப் பக்கமா சாஞ்சா இழை இழுபடும், கீழ்நுனில இருக்குற டிஎம்சி1 சேனல் திறக்கும், பொட்டாசியம் உள்ள. எதிர்ப்பக்கம் சாஞ்சா மூடும். நடுவுல வேற கெமிக்கல் சிக்னல் எதுவும் இல்ல, நேரா இழுத்துத் திறக்குறது, அதனாலதான் மைக்ரோ செகண்ட் கணக்குல நடக்குது. ரொம்ப மெல்லிசான சத்தத்துக்கு அந்தக் கட்டு அசையுற தூரம் ஒரு நானோமீட்டருக்கும் கம்மி.

ஹேர் செல்லுக்கு இதுல பெருசா செலவு கிடையாது பாருங்க. உள்ள வரும்போது வோல்டேஜ் இழுத்துட்டு வருது, அடிப்பக்கம் பெரிலிம்ஃப் மாதிரி ஃப்ளூயிட், அங்க பொட்டாசியம் கம்மி, அதனால வெளிய போகும்போது தானா வழிஞ்சு போகுது. பம்ப் பண்ற செலவெல்லாம் ஸ்ட்ரையா தலைல. அதனாலதான் ஹேர் செல் பக்கத்துல ரத்தக்குழாய் கிட்டத்தட்ட இல்லாமயே வச்சுக்க முடியுது, இருந்தா நம்ம நாடித்துடிப்பே நமக்கு கேட்டுட்டு இருக்கும்.

இப்ப உங்க முக்கியக் கேள்வி. ஒரு காதுல இன்னர் ஹேர் செல் சுமார் 3500, அவுட்டர் சுமார் 12000. ரெட்டினால போட்டோரிசெப்டர் பத்து கோடிக்கு மேல, இங்க மொத்தமே 15 ஆயிரத்து சொச்சம், ஒண்ணு போனாலும் நஷ்டம்தான். ஆனா நரம்பு எங்க போகுதுன்னு பாருங்க. காது நரம்போட செல்லுங்க கூடியிருக்குற ஸ்பைரல் கேங்லியன்ல இருக்குற சுமார் 30 ஆயிரம் நியூரான்ல 95 சதவீதம் இன்னர் ஹேர் செல்லுக்குப் போகுது, ஒரு இன்னர் செல்ல பத்து இருபது நரம்பு நுனி தொட்டுட்டு இருக்கும். மூணு வரிசை அவுட்டர் எல்லாத்துக்கும் சேத்து மிச்சம் 5 சதவீதம்தான். அதுவே மூளைல இருந்து திரும்பி வர்ற எஃபெரன்ட் நரம்பு பாத்தா அவுட்டர் செல் அடில தடியா வந்து உக்காருது. அதாவது இன்னர் மூளைக்கு சொல்லுது, அவுட்டர் பெரும்பாலும் மூளை சொல்றத கேக்குது. அப்ப அது சென்சார் இல்ல, மோட்டார்.

அவுட்டர் செல்லோட பக்கச் சுவர் முழுக்க பிரெஸ்டின்ங்குற புரோட்டீன் நெருக்கமா பதிஞ்சிருக்கு. செல்லுக்குள்ள வோல்டேஜ் ஏறினா அது சுருங்கும், இறங்கினா நீளும், செல்லே மொத்தமா நாலஞ்சு சதவீதம் குட்டையாகி நெட்டையாகும், அதுவும் செல்லோட எரிபொருளான ஏடிபி எதுவும் எரிக்காம, செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவ. தனியா எடுத்து வச்ச செல்லு இப்படி ஆடுறத ப்ரவுனெல் 1985ல விளக்கமா காட்டினாரு, பிரெஸ்டின் ஜீன கண்டுபிடிச்சது 2000ல. ஊஞ்சல் ஆடுறவங்கள பின்னாடி இருந்து சரியான நேரம் பாத்து ஒரு தள்ளு தள்ளுற மாதிரிதான் இது பண்ற வேலை, இந்த செல்லெல்லாம் உக்காந்திருக்குற பேசிலார் மெம்பிரேன் எந்த எடத்துல லேசா ஆடுதோ அந்த எடத்துல அதே தாளத்துல இன்னும் கொஞ்சம் ஆட்டிவிடும், பக்கத்து இன்னர் செல்லுக்கு அப்பதான் கேக்குற அளவுக்கு அசைவு கிடைக்கும். அவுட்டர் முழுசா போச்சுன்னா 50, 60 டெசிபல் போயிடும். சத்தமே இல்லாமப் போகாது, ஆனா மெதுவா பேசுறது கேக்காது, கேக்குறதும் பிரிச்சுப் புரியாது.

இத பெக்கெஷி கதையோட சேத்துப் பாத்தா இன்னும் தெளிவாகும். பேசிலார் மெம்பிரேன் அடிப்பக்கம் குறுகலா விறைப்பா இருக்கும், உச்சில அகலமா தளர்வா இருக்கும். அதனால கீச்சுன்னு இருக்குற சத்தம் அடில ஆட்டும், கனமான சத்தம் உச்சி வரைக்கும் போயி ஆட்டும். ஜார்ஜ் ஃபான் பெக்கெஷி இறந்தவங்க காதுல வெள்ளித் துகள் தூவி ஸ்ட்ரோப் லைட்டுல இந்த அலை ஓடுறத நேர்ல பாத்தாரு, அதுக்கு 1961ல நோபல். ஆனா அவர் பாத்த அலை ரொம்ப அகலமா மொண்ணையா இருந்துச்சு, நம்ம காது பக்கத்து பக்கத்து சுருதிய பிரிக்குற கூர்மைக்கு அது பத்தவே பத்தாது. ஏன்னா பிணத்துல ஸ்ட்ரையா நின்னுடுச்சு, வோல்டேஜ் இல்ல, அவுட்டர் செல் ஆடல. 1971ல ரோட்ங்குறவர் உயிரோட இருக்குற குரங்குல அளந்தப்பதான் கூர்மை தெரிஞ்சது, பிராணி செத்ததும் அது மழுங்கிப் போச்சு.

இப்ப ஹேர் செல்ல தாங்கி நிக்குற சப்போர்ட்டிங் செல்லப் பாருங்க, பேரெல்லாம் இப்ப அர்த்தத்தோட வரும். இன்னர் ஹேர் செல்ல சுத்தி நாலாப்பக்கமும் செல்லு நெருக்கமா அணைச்சிருக்கும், அது ஆட வேண்டியதில்லையே. அவுட்டர் செல்ல டைட்டர்ஸ் செல் அடிய மட்டும் ஒரு கிண்ணத்துல வச்ச மாதிரி தாங்கிட்டு, ஒரு ஒல்லிக் கைய மேல நீட்டி தலைப்பக்க தகட்டுல கோத்துக்கும், நடு உடம்ப சுத்தி ஒண்ணுமே கிடையாது, வெறும் ஃப்ளூயிட், நூயல் இடைவெளி. நீளவும் குறையவும் எடம் வேணும்ல. பில்லர் செல்லுக்குள்ள மைக்ரோடியூபூல் கத்தை கத்தையா இருக்குறதும் இந்த விசைய தாங்கத்தான். மேல எல்லா செல் தலையும் இறுக்கமா பூட்டி ரெட்டிகுலர் லாமினா, அதுல ஓட்டை விழுந்தா எண்டோலிம்ஃப் கீழ கசிஞ்சு ஹேர் செல்லோட அடிப்பக்கத்தையே பொட்டாசியத்துல முக்கிடும்.

ஹேர் செல் அடில இருந்து வெளிய வந்த பொட்டாசியத்த அள்ளுறதும் இந்த டைட்டர்ஸ் வகையறாதான். அங்கிருந்து செல்லுக்கு செல் கேப் ஜங்ஷன்ங்குற குட்டி வாசல் வழியா கை மாறி, வெளிச்சுவர்ல இருக்குற ஸ்பைரல் லிகமென்ட் ஃபைப்ரோசைட்டுக்குப் போயி, பேசல் செல், இன்டர்மீடியட் செல்னு திரும்ப ஸ்ட்ரையாவுக்கு வந்து சேருதுன்னுதான் இன்னைக்கு பொதுவா ஏத்துக்குற பாதை. அந்த கேப் ஜங்ஷனோட முக்கிய புரோட்டீன் கனெக்சின்-26, ஜீன் பேரு ஜிஜேபி2. உலகத்துல பல எடத்துல பிறவிக் காதுகேளாமைக்கு முதல் ஜெனடிக் காரணம் இதான், 1997ல தெரிய வந்துச்சு. ஹேர் செல்லுல இந்த புரோட்டீன் கிடையவே கிடையாதுங்குறத கவனிங்க, கெடுறது சப்போர்ட்டிங் செல்லு, போறது கேள்வி. இந்தியால இந்த ஜீன்ல டபிள்யூ24எக்ஸ்ங்குற மாற்றம் அடிக்கடி வருது, ரெண்டு காப்பியும் கெட்டாதான் நோய் வர்ற ரிசெஸிவ் வகைங்குறதால நம்ம பக்கம் அக்கா மகள், மாமன் மகள்னு சொந்தத்துல முடிக்குற குடும்பங்கள்ல ரெண்டு கெட்ட காப்பியும் ஒரே குழந்தைக்கு வர்ற வாய்ப்பு கூடுது.

எது போனா என்ன ஆகும்னு கேட்டீங்கல்ல. லேசிக்ஸ்ங்குற சிறுநீர் போக்குற மருந்த வேகமா ரத்தக்குழாய்ல போட்டா சில பேருக்கு கொஞ்ச நேரம் காது அடைக்கும், ஏன்னா அது என்கேசிசி வகைய அடைக்குற மருந்து, ஸ்ட்ரையாவுல வோல்டேஜ் விழுந்துடும், மருந்து இறங்கினா பெரும்பாலும் திரும்பிடும். ஜென்டாமைசின், அமிகாசின், கனமைசின் வகை ஆன்டிபயாடிக் அப்படி இல்ல. அது பாசிட்டிவ் சார்ஜ் உள்ள மூலக்கூறு, பொட்டாசியம் போற அதே ஸ்டீரியோசிலியா சேனல் வழியா, அதே வோல்டேஜ் இழுக்க உள்ள போயிடும், வெளிய வர்றது கஷ்டம், அவுட்டர் செல்தான் முதல்ல சாகும், அதுவும் அடிச்சுத்துல. அதனால முதல்ல கீச்சு சத்தம் போகும், சாதாரண ஆடியோகிராம் (கேக்குற திறன அளக்குற டெஸ்ட்) 8000 ஹெர்ட்ஸோட நிறுத்திடுறதால ஆரம்பத்துல மாட்டவே மாட்டாது. பல மருந்துக்கும் அடங்காத எம்டிஆர் டிபிக்கு கனமைசின் ஊசி மாசக்கணக்கா போட்ட காலத்துல நோய் குணமாகி காது போனவங்க நிறைய, இப்ப மாத்திரையிலயே முடிக்குற சிகிச்சைக்கு மாறினதுக்கு அதுவும் ஒரு காரணம். ஸ்ட்ரெப்டோமைசினும் இதே குடும்பம்தான், அது கேள்விய விட பேலன்ஸத்தான் அதிகம் கெடுக்கும்.

சத்தத்தால வர்ற சேதம் ஆடியோகிராம்ல பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமா தெரியும், அதுவும் அவுட்டர் செல் கணக்குதான். ஆனா 2009ல குஜாவாவும் லிபர்மனும் எலில காட்டினது வேற: சத்தத்துக்கு அப்புறம் கேள்வி பழைய நிலைக்கு திரும்பிடுச்சு, ஹேர் செல் எல்லாம் உயிரோட இருக்கு, ஆனா இன்னர் செல் அடில நரம்போட சேர்ற இணைப்பான சினாப்ஸ்ல பாதிகிட்ட காணாம போயிருந்துச்சு. மனுஷங்ககிட்ட இது எவ்வளவு தூரம் பொருந்தும்னு இன்னும் சண்டை ஓயல, ஆனா ஆடியோகிராம் நார்மல், கல்யாண மண்டபத்துல மட்டும் பேச்சு புரியலன்னு வர்றவங்கள பாக்கும்போது இது மனசுல வரும்.

பேலன்ஸ் பக்கத்த சுருக்கமா சொல்லிடுறேன், தத்துவம் அதேதான். யூட்ரிக்கிள், சாக்யூல்ங்குற ரெண்டு பைல மேக்யூலா, அரைவட்டக் குழாய் அடில கிரிஸ்டா, ரெண்டும் ஹேர் செல் இருக்குற எடம். இங்க ஹேர் செல்லுல கைனோசிலியம்ங்குற ஒத்தை நெட்டை முடி கடைசிவரை இருக்கும், கோக்லியாவுல வளந்ததும் போயிடும். டைப் 1 செல் குடுவை வடிவம், நரம்பு அத ஒரு கோப்பையா மூடியிருக்கும், டைப் 2 சாதாரண உருளை. பொட்டாசியம் தர்றது டார்க் செல், ஸ்ட்ரையா இல்ல, அதனால இங்க அந்தப் பெரிய வோல்டேஜும் கிடையாது. மேக்யூலா மேல கால்சியம் கார்பனேட் கல்லு இருக்கணுமே காணோமேன்னு ஸ்லைடுல தேடாதீங்க, எலும்போட கால்சியத்த எடுத்தப்ப அதுவும் கரைஞ்சு போச்சு. அந்தக் கல்லு உயிரோட இருக்குறவங்களுக்கு கழண்டு பின்பக்கக் குழாய்க்குள்ள விழுந்தா படுத்துப் புரளும்போது உலகமே சுத்தும், அதுக்குப் பேர்தான் பிபிபிவி, எப்ளிங்குற முறைல தலைய திருப்பித் திருப்பி அத வெளிய உருட்டிடலாம்.

கடைசியா, இன்னர் அவுட்டர் வித்தியாசம் படிச்சதோட போகாம வார்டுல எங்க உதவும்னு சொல்றேன். அவுட்டர் செல் ஆடுறதால காதே வெளிய ஒரு மெல்லிய சத்தம் விடும், கெம்ப் 1978ல கண்டுபிடிச்சது, அதான் பிறந்த குழந்தைக்கு பண்ற ஓஏஇ டெஸ்ட். ஓஏஇ பாஸ்னா அவுட்டர் செல்லு நல்லா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். இன்னர் செல்லு அடில நரம்புக்கு சேதி சொல்ற குளூட்டமேட்ட வெளிய விட ஓட்டோஃபெர்லின்னு ஒரு புரோட்டீன் வேணும், அது இல்லாத குழந்தைக்கு மோட்டார் ஓடும், ஓஏஇ வரும், ஆனா நரம்புக்கு ஒண்ணுமே போகாது, நரம்போட மின்சிக்னல அளக்குற ஏபிஆர் டெஸ்ட் பாத்தாதான் தட்டையா தெரியும். செல்லெல்லாம் உயிரோட இருந்து ஒரே ஒரு புரோட்டீன் மட்டும் குறையுறதாலதான் காதுகேளாமை வகைகள்ல ஜீன் தெரபி இங்க முதல்ல பலிச்சது: ஜீன் பெருசுங்குறதால ரெண்டா வெட்டி ரெண்டு வைரஸ்ல ஏத்தி ஷாங்காய்ல 6 குழந்தைக்கு ஒரு காதுல போட்டாங்க, 5 பேருக்கு கேள்வி வந்துச்சு, 2024 ஜனவரில வெளியாச்சு. செத்துப்போன ஹேர் செல்லுக்கு அந்த வசதி இல்ல. கோழி, காடைக்கு சப்போர்ட்டிங் செல்லுல இருந்து புதுசா முளைக்குதுன்னு 1988லயே தெரியும், பாலூட்டி கோக்லியாவுல முளைக்கல, அதனால ஹேர் செல்ல விட்டுட்டு நேரா ஸ்பைரல் கேங்லியன தூண்டுற கோக்லியர் இம்ப்ளான்ட்தான் இப்போதைக்கு வழி. என்ஐசியூல (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) அஞ்சு நாளுக்கு மேல இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் பாஸ்னு யாராவது சீட்டு குடுத்தா அதோட விடாதீங்க, ஏபிஆர் கேளுங்க.